துரைசானிக்கு என்ன ஆயிற்று?

"இந்த வாரம் பூனையைப் பற்றி எழுதப் போகிறேன்" என்று சொன்னதும் எங்கள் காரியாலயத்தில் எல்லோரும் சிரித்தார்கள். "பட்சணம் பற்றி எழுதலாம், கல்யாணச் செலவு பற்றி எழுதலாம், போயும் போயும் பூனையா?" என்று உதவி ஆசிரியர் கேட்டார்.

ஆமாம், பூனைதான். ஆனால் இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை டப்பாவை ஒரு முறை திறந்து பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். பூனைக்கும் மாத்திரை டப்பாவுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் துரைசானி. வெள்ளை வெளேரென்ற உடம்பு, வெளிர் பச்சைக் கண்கள், யாரையும் லட்சியம் செய்யாத நடை. பெயர் வைத்தது என் மாமியார். பதினான்கு வருஷங்களுக்கு முன் ஓர் ஐப்பசி மழையில், மாடிப்படிக்கு அடியில் நனைந்துகொண்டு கத்திய குட்டியைப் புடைவைத் தலைப்பில் துடைத்து உள்ளே எடுத்து வந்தாராம். நான் மருமகளாக இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவள் வந்துவிட்டாள். ஆகவே வீட்டில் எனக்கு அவள் சீனியர். அதை நானும் மறந்ததில்லை, அவளும் மறக்கவிட்டதில்லை.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. காபிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பசிக்குக் கத்துகிற குரல் இல்லை. சண்டைக்குக் கத்துகிற குரலும் இல்லை. காணாமற் போன குழந்தை அம்மாவைக் கூப்பிடுமே, அந்த மாதிரி. போய்ப் பார்த்தால் துரைசானி கூடத்தின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டதும் என்னை நோக்கி வந்தாள். வந்தவள் நேரே ஊஞ்சல் பலகையில் போய் முட்டிக்கொண்டாள். பதினான்கு வருஷங்களாக அதே இடத்தில் தொங்குகிற ஊஞ்சல்!

அவள் முகத்தைத் தூக்கிப் பார்த்தேன். காலை வெயில் நேராக முகத்தில் விழுகிறது. பூனையின் கண்மணி வெயிலில் கோடு மாதிரி சுருங்க வேண்டும், இல்லையா? துரைசானியின் கண்மணிகளோ கருப்பு நயாபைசா மாதிரி அகல விரிந்து கிடந்தன. பச்சை நிறம் ஓரத்தில் ஒரு வளையமாகத்தான் மிச்சம் இருந்தது.

"வயசாயிடுத்து. கண்புரையா இருக்கும்" என்றார் மாமியார்.

என் கணவர் மருந்துக் கடைக்குப் போய், கடைக்காரர் சிபாரிசு செய்த சொட்டு மருந்து ஒன்றை வாங்கி வந்தார். காலையில் இரண்டு சொட்டு, மாலையில் இரண்டு சொட்டு. இப்படியே ஐந்து நாட்கள் போய்விட்டன.

சகோதரிகளே, அந்த ஐந்து நாட்களைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். நான் படித்தவள். தினமும் நாலு பத்திரிகைகளைப் புரட்டுகிறவள். இருந்தும், ராத்திரி வரையில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜீவனுக்கு விடிந்ததும் பார்வை இல்லை என்றால், அது முதுமை அல்ல, வியாதி என்று எனக்குத் தோன்றவில்லை. கண்புரை ஒரே ராத்திரியில் வந்து விழுவதில்லை. பூனைகளுக்கு முதுமையினால் மட்டும் புரை வந்து பார்வை போவதும் அபூர்வந்தானாம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

ஐந்தாம் நாள் மாடிவீட்டுப் பெரியவர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான். "குருட்டுப் பூனையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஸார்? ஒரு சாக்கில் போட்டு மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டால் அதன் பாட்டுக்குப் பிழைத்துக்கொள்ளும்" என்று என் கணவருக்கு யோசனை சொன்னார். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த மாமியார் ஆடுவதை நிறுத்தினார்.

"எனக்குக் கண் தெரியாமப் போனா என்னைக் கொண்டு எங்கே விடறதா உத்தேசம்?" என்றார்.

பெரியவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அரை மணி நேரத்தில் துரைசானியைப் பிரம்புக் கூடையில் வைத்துக்கொண்டு நானும் மாமியாரும் ஆட்டோவில் ஏறினோம்.

மிருக வைத்தியர் ஒரு பெண்மணி. கூடையைத் திறந்ததும் ஊசியை எடுப்பார் என்று நினைத்தேன். அவரோ விளக்கைத் தணித்துவிட்டு, "பத்து நிமிஷம் அவள் பாட்டுக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எங்களோடு பேச ஆரம்பித்தார். பயந்துபோன பூனைக்கு ரத்த அழுத்தம் தானாகவே ஏறிவிடுமாம். அதனால் கணக்கு தப்பிப் போகுமாம்.

"ரத்த அழுத்தமா? பூனைக்கா?" என்றேன்.

"ஏண்டி, பூனைக்குக் கூடவா பிரஷர்?" என்றார் மாமியார்.

நமக்குக் கையில் கட்டுகிறார்களே, அதே பட்டைதான். ஆனால் கைக்குழந்தைக்குக் கட்டுவதைப் போல் அவ்வளவு சிறியது. அதைத் துரைசானியின் முன்னங்காலில் சுற்றினார். பாதத்துக்குக் கீழே கொஞ்சம் ரோமத்தை நீக்கிவிட்டு, ஒரு சிறு கருவியை வைத்தார். "விஸ்... விஸ்... விஸ்..." என்று ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரு தடவை அல்ல, ஆறு ஏழு தடவைகள் அளந்தார். முதல் தடவை வந்த எண்ணைக் கணக்கில் சேர்க்கவில்லை. பாக்கியைக் கூட்டிச் சராசரி பார்த்தார். மேல் அழுத்தம் 220.

அமைதியாக இருக்கிற பூனைக்கு இது 140-க்குள் இருப்பது நல்லது. 160-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். 180-ஐத் தாண்டினால் கண், மூளை, இருதயம், சிறுநீரகம் ஆகிய நான்கிற்கும் ஆபத்து. துரைசானி எத்தனை நாட்களாக 220-ஐச் சுமந்துகொண்டு திரிந்தாளோ!

பிறகு டாக்டரம்மா கண்ணுக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார். "விழித்திரை இரண்டு பக்கமும் கழன்றுவிட்டது" என்றார். எனக்குப் புரியவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். சுவரைக் காட்டி விளக்கினார். மழைக் காலத்தில் சுவருக்குள் ஈரம் இறங்கினால் மேலே அடித்த சுண்ணாம்பு என்ன ஆகிறது? உப்பிக்கொண்டு பட்டையாகக் கழன்று வருகிறது. கண்ணிலும் அதே கதைதான். விழித்திரைக்குப் பின்னால் பொடிப் பொடி ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. அழுத்தம் தாங்காமல் அவற்றிலிருந்து நீர் கசிகிறது. சில சமயம் ரத்தமே கசிகிறது. அந்த நீர் விழித்திரையைப் பின் சுவரிலிருந்து தள்ளிவிடுகிறது. பின் சுவரிலிருந்துதான் அதற்குப் போஷாக்கு வர வேண்டும். பிரிந்து கிடக்கிற ஒவ்வொரு நாளும் அது பட்டினி கிடக்கிறது. சீக்கிரம் அழுத்தத்தைக் குறைத்தால் நீர் வடிந்து, விழித்திரை மறுபடி ஒட்டிக்கொள்ளவும் கூடும்.

"எத்தனை நாளாயிற்று?" என்று கேட்டார்.

"ஐந்து நாள்" என்றேன். அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்வதற்குள் தொண்டை வறண்டுவிட்டது.

"முதல் நாளே வந்திருந்தால் நிச்சயமாகப் பார்வை வந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாய்ப்பு அதிகமாக இருந்திருக்கும்" என்றார். திட்டியிருந்தால் கூடத் தேவலை போல் இருந்தது எனக்கு.

பூனைக்கு ஏன் ரத்த அழுத்தம் வருகிறது? முக்கியமான காரணம் நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு. இன்னொன்று, கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி அதிகமாக வேலை செய்வது. இரண்டும் இல்லாமலேயே சில பூனைகளுக்கு வருவதும் உண்டு. துரைசானியின் ரத்தத்தைச் சோதித்ததில் சிறுநீரகந்தான் என்று தெரிந்தது. சிறுநீரகம் கெட்டால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் சிறுநீரகம் மேலும் கெடும். நாத்தனாரும் ஓரகத்தியும் ஒருவரை ஒருவர் தூண்டிவிடுகிற மாதிரி!

"சில மாதங்களாக நிறையத் தண்ணீர் குடிக்கிறாளா? இளைத்துவிட்டாளா?" என்று டாக்டரம்மா கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஸ்நான அறை வாளியில் எட்டி எட்டித் தண்ணீர் குடித்ததைப் பார்த்து, "வெயிலுக்குத் தாகம்" என்று நானேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டபோதும், "வயசாச்சு" என்றேன். வயசு என்கிற அந்த ஒரு வார்த்தையில் எத்தனை வியாதிகளை நாம் ஒளித்து வைத்துவிடுகிறோம்!

அடுத்தாற்போல் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார். மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க துரைசானி சுத்த சைவம். பதினாலு வருஷமா தயிர் சாதமும் பாலுந்தான்" என்றார் பெருமையாக.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. டாரின் என்று ஒரு சத்து இருக்கிறதாம். நம் உடம்பு அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. பூனையின் உடம்புக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது; மாமிசத்திலிருந்தும் மீனிலிருந்தும் பெற்றாக வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து போகும். பாலிலுள்ள புரதத்தையே ஆதாரமாக வைத்து வளர்த்த பூனைகளுக்கு இப்படிக் கண் கெடுவதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1975-ல் வெளியிட்டார்கள். அதே குறையினால் இருதயமும் பலவீனமாகிறது என்பது 1987-ல் தெரிய வந்தது. ஆகவே பூனையைச் சைவமாக வளர்ப்பது நமக்குப் புண்ணியமாகத் தோன்றலாம், பூனைக்கு அல்ல.

துரைசானிக்கு டாரின் குறையும் சேர்ந்திருக்குமோ என்று கவலையோடு வீடு திரும்பினோம். கீழ்ப் போர்ஷனில் இருக்கும் பெண் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"மாமி, கோவிச்சுக்காதீங்க. பத்து வருஷமா தினம் மத்தியானம் அவ எங்க வீட்டுக்குத்தான் வருவா. மீன் இல்லாத நாள்ல என்னை ஒரு பார்வை பார்ப்பா பாருங்க..."

மாமியார் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "உன் புண்ணியத்துல ஒரு குறை குறைஞ்சுது. இனிமே இங்கேயே கொண்டு வந்து போடு. படி இறங்க அவளுக்குக் கண் தெரியலை" என்றார். எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் மீன் வாசனை வந்த வரலாறு இதுதான். பிற்பாடு, சிறுநீரகத்துக்கு ஏற்ற உணவுக்கு டாக்டரம்மா சிறிது சிறிதாக மாற்றிவிட்டார்.

இனி, மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்லோடிபின்! ரத்தக் கொதிப்புக்காக என் மாமியார் சாப்பிட வேண்டிய அதே மருந்து. அளவில்தான் வித்தியாசம். துரைசானிக்கு 2.5 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு, தினம் ஒரு வேளை. பூனைகளின் ரத்தக் கொதிப்புக்கு உலகமெங்கும் அதிகமாகக் கொடுக்கிற மருந்து இதுதானாம். டெல்மிசார்ட்டன் என்ற இன்னொரு மருந்தும் உண்டு. அதுவும் மனிதர்கள் சாப்பிடுவதுதான். பூனைகளுக்கென்று தனியாகத் தயாரித்ததற்கு அமெரிக்காவில் 2018-ல் அனுமதி கொடுத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, வீட்டிலுள்ள மாத்திரையை எடுத்து நீங்களாகவே பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அழுத்தத்தை அளக்காமல் கொடுப்பது ஆபத்து. அளவு தப்பினாலும் ஆபத்து. மனிதருக்குச் சாதுவான மருந்து பூனைக்கு யமனாகிவிடுவதும் உண்டு. காய்ச்சலுக்கு நாம் போட்டுக்கொள்கிற பாரஸிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடக் கூடும். தொற்று நோய்களுக்குக் கொடுக்கும் என்ரோஃப்ளாக்ஸாசின் என்ற மருந்து, அளவு மிஞ்சினால் பூனையின் விழித்திரையையே பாழாக்கிவிடும். ஆகவே, திடீரென்று பார்வை போனால், சமீபத்தில் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நான் மாமியாரின் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். மாதக் கடைசி. டப்பாவில் இரண்டு மூன்று மாத்திரைகள் இருக்க வேண்டும். பத்தொன்பது இருந்தன.

"என்னம்மா இது?" என்றேன்.

"தலை சுத்தலை, மயக்கம் வரலை. எதுக்கு வீணா சாப்பிடணும்? விலை என்ன விக்கறது!" என்றார் அவர்.

நான் பதில் சொல்லவில்லை. துரைசானியைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். "இவளுக்கும் தலை சுற்றவில்லைதானே, அம்மா?" என்றேன்.

பூனையின் வயசை மனித வயசாக மாற்றுவதற்கு ஒரு கணக்கு உண்டு. முதல் இரண்டு வருஷங்களுக்கு 24. பிறகு வருஷத்துக்கு நான்கு. பதினான்கு வயதுப் பூனைக்கு 72 ஆகிறது. என் மாமியாருக்கும் 72. அன்று ராத்திரி வெகு நேரம் அவர் அந்தப் பூனையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் வெண்ணெயில் உருட்டிய கால் மாத்திரை துரைசானிக்குப் போயிற்று. ஒரு முழு மாத்திரை மாமியாருக்குப் போயிற்று. "நீ போட்டுண்டா நான் போட்டுக்கறேன்" என்று பூனையிடம் ஒப்பந்தம் பேசுவது என் காதில் விழுந்தது. இன்று வரையில் இருவரும் ஒப்பந்தத்தை மீறவில்லை.

துரைசானிக்கு ஒரு வாரத்தில் அழுத்தம் 155-க்கு இறங்கியது. வலது கண்ணில் விழித்திரை ஒட்டிக்கொண்டது. அதில் வெளிச்சமும் நிழலும், அசைகிற பொருளும் தெரிகின்றன என்று டாக்டரம்மா சொல்கிறார். இடது கண் போனது போனதுதான். ஐந்து நாட்களின் விலை அது.

ஆனால் பூனை நம்மைப் போல் கண்ணை மட்டும் நம்பி வாழ்கிற பிராணி அல்ல. காது, மூக்கு, மீசை மூன்றும் கைகொடுக்கின்றன. வீட்டு வரைபடத்தை மனத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. நாம் செய்ய வேண்டியதெல்லாம் அந்த வரைபடத்தைக் கலைக்காமல் இருப்பதுதான். நாற்காலி, மேஜையை இடம் மாற்றக் கூடாது. சாப்பாடு, தண்ணீர், மண் தட்டு மூன்றும் எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். தொடுவதற்கு முன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். தூக்கினால் கண்ட இடத்தில் இறக்கிவிடாமல், அதற்குப் பழக்கமான சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்தில் விட வேண்டும். மாடிப்படி, கிணறு, கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடி இவற்றை அடைத்து வைக்க வேண்டும். வெளியே தனியாக விடவே கூடாது.

உங்கள் வீட்டுப் பூனைக்குப் பார்வை சரியாக இருக்கிறதா என்று சந்தேகமா? கையை முகத்துக்கு எதிரே ஆட்டிப் பார்க்காதீர்கள்; காற்று மீசையில் பட்டுக் கண்டுபிடித்துவிடும். ஒரு சிறு பஞ்சு உருண்டையை முகத்துக்கு முன்னால் மேலிருந்து போடுங்கள். சத்தமும் இல்லை, காற்றும் இல்லை. பார்வையுள்ள பூனை அதைக் கண்ணால் தொடரும். பல தடவை போட்டும் தொடராவிட்டாலோ, வெளிச்சத்திலும் கண்மணி விரிந்தே கிடந்தாலோ, கண்ணுக்குள் சிவப்பாக ரத்தம் தெரிந்தாலோ அன்றைக்கே புறப்படுங்கள். மறுநாள் கூடாது. பக்கத்தில் வைத்தியர் இல்லை என்கிற சென்னை வாசகிகளுக்கு, 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது.

அதைவிட மேலான காரியம் ஒன்று உண்டு. பூனைக்கு ஏழு வயசு ஆனதும் வருஷத்துக்கு ஒரு முறையாவது, பதினொன்றைத் தாண்டினால் முடிந்தவரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்துவிட வேண்டும். வலிக்காத வியாதி இது. கண்ணைப் பறித்துக்கொண்ட பிறகுதான் வாசற்கதவைத் தட்டும்.

கடைசியாக ஒரு சமாசாரம். நேற்று ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போனபோது கூடத்தில் என்னவோ மாறியிருப்பது போல் தோன்றியது. பார்த்தால், ஊஞ்சல் பலகையைச் சங்கிலியோடு தூக்கிச் சுவர் ஓரமாகக் கட்டியிருந்தது. நாற்பது வருஷங்களாகச் சாப்பாட்டுக்குப் பிறகு என் மாமியார் ஆடுகிற ஊஞ்சல் அது. இப்போது தரையில் ஜமக்காளத்தை விரித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, ஊஞ்சலைக் கட்டிவிட்டீர்கள்?"

"ஆடற பலகை அவ மூஞ்சியில இடிச்சா? எனக்குக் கண் தெரியறது. நான் எங்கே வேணா உக்காந்துப்பேன்."

துரைசானி, ஊஞ்சல் இருந்த இடத்தைத் தாராளமாகக் கடந்து வந்து, அவர் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவை இன்று எண்ணிப் பார்க்கிறீர்கள், அல்லவா?